டப்ளின் படையின் கொடியில் எங்கள் ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த அயர்லாந்துக் காலாட்படையான ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் ‘இந்தப் படை 1881இல் பிறந்தது’ என்று எடுத்த எடுப்பிலேயே போட்டுவிட்டீர்கள். அங்குதான் எனக்கு மனத்தாங்கல். அது பெயர் வைத்த ஆண்டு. பிறந்தது நம் கடலூரில்.

1748இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் திரட்டி ஒரே படையாக்கினார் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். அதுதான் பின்னாளில் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ். கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்ததும் பிரிட்டிஷ் ராணுவத்தின் 102ஆம் படையானது. 1881இல் பம்பாய் ஃப்யூசிலியர்ஸையும் இதோடு சேர்த்து, டப்ளின் பெயரைச் சூட்டி, அயர்லாந்தில் நாஸ் என்ற ஊரில் முகாம் கொடுத்தார்கள். படையின் சின்னத்தில் புலியும் யானையும் இருந்தது இதனால்தான். அயர்லாந்தில் ஏது யானை?

நான் வந்தவாசிக்காரன். பாய்க்குப் பெயர்போன ஊர் என்றுதான் வெளியூரில் சொல்லிக்கொள்வோம். டப்ளின் படை தன் கொடியில் பொறித்துக்கொண்ட போர்ச் சிறப்புப் பட்டியலில் ஆற்காடு, சோளிங்கர், புதுச்சேரியோடு எங்கள் ஊரும் இருக்கிறது, ‘விண்டிவாஷ்’ என்று வாயில் நுழையாத ஒரு பெயரில். 1760 ஜனவரியில் இங்கே நடந்த போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற தளபதி அயர் கூட், அயர்லாந்தின் லிமரிக் பகுதியில் பிறந்தவர். எதிரே பிரெஞ்சுத் தளபதி லாலி. அவருடைய அப்பாவும் அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போனவர்தான்! லாலியின் பெயரைத் தாங்கி வந்த படையும் பிரெஞ்சுக்காரர்களிடம் சேவகம் செய்த அயர்லாந்துப் படை. யாருக்கோ யாரோ சண்டை போட, நடுவில் நசுங்கியது எங்கள் ஊர்.

சரி, முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலிக்கு வருகிறேன். 1915 ஏப்ரல் 25 காலை, திறந்த படகுகளில் கரையை நெருங்கிய முதல் பட்டாலியனைத் துருக்கியர் சுட்டுத் தள்ளியதையும், கரையோரக் கடல் சிவந்து கிடந்ததை மேலே பறந்த விமானி பார்த்ததையும் உருக்கமாக எழுதியிருந்தீர்கள். அந்த முதல் பட்டாலியன் வேறு யாருமல்ல, பழைய மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்தான். அதற்கு ‘நீலத் தொப்பிகள்’ என்ற பட்டப்பெயர் வந்தது 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது. அப்போது அதன் தலைவர் கர்னல் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் நம்மவர்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கில் போட்ட அதே நீல். மவுண்ட் ரோட்டில் அவருக்கு வைத்த சிலையை அகற்றக் கோரி 1927இல் நம் ஆட்கள் சிறை போனார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அது தெருவை விட்டு நகர்ந்தது.

டப்ளினிலும் இதே கதை நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் செத்த இந்தப் படையினருக்காக 1907இல் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்கா வாசலில் கருங்கல் வளைவு கட்டினார்கள். பிரிட்டனுக்காகச் சண்டை போட்டவர்கள் என்பதால் அயர்லாந்து தேசியவாதிகள் அதற்கு வைத்த பெயர் ‘துரோகிகள் வாசல்’. வளைவு இன்னும் நிற்கிறது, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் குண்டுத் தழும்புகளோடு. கலிப்போலியில் செத்த பையன்களை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீலை விட்டுவிட்டு அவர்கள் கதையை மட்டும் சொன்னால் எப்படி?

1922 ஜூன் 12 அன்று படையைக் கலைக்கும்போது விண்ட்சர் கோட்டையில் மன்னரிடம் கொடிகளை ஒப்படைத்ததோடு கட்டுரையை முடித்திருந்தீர்கள். தொகுப்பாகப் போடும்போது கடலூரையும் நீல் சிலையையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம், இன்னொரு அயர்லாந்துப் படையான மன்ஸ்டர் ஃப்யூசிலியர்ஸ் பற்றி எழுதுவதாக இருந்தால் வங்காளத்திலிருந்து தொடங்குங்கள். அதுவும் கம்பெனி படைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வந்தவாசி.