பொருள்: பேசும் துணை ரோபோக்கள் இரண்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி – மூன்றாவது கடிதம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூர் முதியோர் பகல் பராமரிப்பு மையத்திலிருந்து எழுதுகிறோம். முந்தைய இரண்டு கடிதங்களுக்கும் வந்த ஒரே பதில், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி. எதைத் தீர்த்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

30 நாள் சோதனை முடிந்ததும் நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டு அறிக்கையில், நாளொன்றுக்குச் சராசரி 94 நிமிட உரையாடல் என்று இருக்கிறது. எங்கள் ஊழியர் கடிகாரம் பார்த்து எழுதிய நோட்டில் 11 நிமிடம். மீதி மதிய சீரியல்! டிவிக் குரலையும் ஆள் குரலையும் உங்கள் மைக் பிரிப்பதில்லை. டிவியை அணைத்த மூன்று நாளும் உங்கள் ஆப்பிலேயே 12, 9, 14 என்று இறங்கிவிட்டது.

இதைவிட மோசம் மாத்திரை நினைவூட்டல். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபின் என்ன சத்தம் வந்தாலும் 'ஆச்சு' என்று பதிவாகிறது. ஸ்டீல் டம்ளரைத் தட்டிப் பார்த்தோம், பத்துக்கு ஏழு தடவை 'ஆச்சு'. சர்க்கரை மாத்திரையை மறந்தால் யாராவது கவனிப்பார்கள். போட்டதாகவே பதிவாகிவிட்டால் யார் கவனிப்பது?

பக்கவாதம் வந்தவர்கள் சொல்லுக்குச் சொல் இரண்டு மூன்று நொடி நிறுத்தித்தான் பேசுவார்கள். ஒரு நொடி மௌனம் வந்தாலே உங்கள் ரோபோ குறுக்கே பாய்ந்து "புரியவில்லை" என்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டும் வசதி ஆப்பில் முன்பு இருந்தது. கடைசி அப்டேட்டில் காணோம். அதைக் கேட்டதற்கு உங்கள் கால் சென்டர் ஆள் சொன்னது: "அவங்களைக் கொஞ்சம் சீக்கிரமா பேசச் சொல்லுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." முதியோருக்கென்று விற்கும் நிறுவனத்தின் பேச்சா இது? அந்த அழைப்பின் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

கரண்ட் போய் வந்தால் வைஃபையில் தானாகச் சேர்வதில்லை, ஒவ்வொரு முறையும் ஓடிபி. அதற்காகத்தான் பீன்யா சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னீர்கள். இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறிப் போனால், "டிக்கெட் குளோஸ் ஆகிடுச்சு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க வீண்.

இப்படிப்பட்ட ரோபோவின் பயனை அளக்கும் முறை ஒன்றும் ரகசியம் இல்லை. பாரோ என்ற கடல்நாய் வடிவத் துணை ரோபோவை ஆஸ்திரேலியாவில் 28 முதியோர் இல்லங்களில் மறதிநோய் உள்ள 415 பேரிடம் சோதித்தபோது (2017இல் வெளியானது), ஒரு பிரிவுக்கு இயக்கத்தை அணைத்த அதே பாரோவையும் இன்னொரு பிரிவுக்கு வழக்கமான பராமரிப்பை மட்டுமே கொடுத்தும் ஒப்பிட்டார்கள். வீடியோவைப் பார்த்து மனிதர்கள் எண்ணினார்கள். ரோபோ தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளவில்லை. நாங்களும் ஒரு வாரம் உங்கள் ரோபோவின் சுவிட்சை அணைத்துப் பெரியவர்களின் மடியில் வைத்தோம். அப்போதும் 9 நிமிடம் அதனோடு பேசினார்கள். இரண்டு நிமிட வித்தியாசத்துக்கா ஒன்று 42,000 ரூபாய்? பொம்மைக்கடையே போதுமே.

இதனால் எங்கள் மையத்தின் பெயரே கெட்டுவிட்டது. ஐந்து லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. ஆனாலும் நாங்கள் கேட்பது 84,000 ரூபாயும், உங்கள் சர்வரில் இருக்கும் பெரியவர்களின் குரல் பதிவுகளை அழித்ததற்கு எழுத்துப்பூர்வ உறுதியும் மட்டுமே. உங்கள் ஒத்துழைப்பை அன்புடன் எதிர்பார்க்கிறோம். 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவோம். டம்ளர் சோதனையின் வீடியோ கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
மைய ஒருங்கிணைப்பாளர்

பி.கு.: பீன்யாவில் 'செக் பண்ணணும்' என்று வாங்கி வைத்துக்கொண்ட சார்ஜரை முதலில் அனுப்பிவையுங்கள்.