கேள்வி-பதில் தொகுப்பைத் திருத்த வழிவிடுங்கள்

நம் பைதான் நிரல்மொழிக் குழும ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

குழுமத்தில் அண்மையில் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், நம் கேள்வி-பதில் தொகுப்பு சொல்கிறபடியே, உபுண்டு 24.04 இயங்குதளம் கொண்ட தம் கணினியில், பைதான் நிரலகங்களை நிர்வாகி உரிமையோடு நிறுவும் 'சுடோ பிப் இன்ஸ்டால்' கட்டளையை இட்டார். இந்தச் சூழலை இயங்குதளமே நிர்வகிக்கிறது, இங்கே நிறுவ இயலாது என்ற பிழைச் செய்திதான் வந்தது. குழுமத்தில் கேட்டபோது, 'முதலில் தொகுப்பைப் படியுங்கள்' என்று விடை தந்தோம். அதைப் படித்ததால் வந்த பிழைதான் அது என்பதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? கடைசியில் யாரோ தனிச்செய்தியில் காட்டிய குறுக்குவழியில் அந்தத் தடையை மீறி நிறுவி, இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளில் சில இயங்காமல் போய், எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. 'வென்வ்' என்னும் பைதான் கருவி கொண்டு, இயங்குதளத்தைத் தொடாத தனிச்சூழல் அமைத்து அதற்குள் நிறுவுங்கள் என்று இரண்டே வரி எழுதியிருந்தால் போதும். இந்தக் கட்டுப்பாடு, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்தில், 2023இல் வெளியான 12ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆயினும் தமிழ்க் கோப்பைப் படிப்பது எப்படி என்ற கேள்விக்கு, சரத்தின் (எழுத்துத் தொடரின்) மீது 'டீகோட்' (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றுதல்) செய்யச் சொல்லும் பைதான் 2 காலத்துப் பதிலே இன்றும் இருக்கிறது. பைதான் 3இன் சரத்துக்கு அப்படியொரு செயற்கூறே கிடையாது. கோப்பைத் திறக்கும்போதே குறிமுறை (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3 என்று வராமல் 5 என்று வருவது ஏன் என்று புதியவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் யுனிகோடில் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுகின்றன என்ற விளக்கமோ, எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் நிரலகத்தின் பெயரோ தொகுப்பில் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தொகுப்பைத் திருத்தும் உரிமையை உறுப்பினர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் இயக்கிப் பார்த்து ஒப்புதல் தரட்டும். பைதானின் எந்தப் பதிப்பில் சரிபார்த்தது என்பது ஒவ்வொரு பதிலின் கீழும் இருக்கட்டும். ஆண்டுதோறும் அக்டோபரில் பைதானின் புதிய பதிப்பு வருவதால், அந்த மாதத்தையே மறுபார்வைக்கு ஒதுக்கலாம். இதைச் செய்யச் சிலர் முன்வந்து எழுதிய விண்ணப்பம் உங்களிடம்தான் இருக்கிறது.

தமிழில் கணினி நுட்பம் வளர வேண்டும் என்று மேடைதோறும் சூளுரைப்பதற்கும் பயிற்சிப் பட்டறைப் படங்களைப் பகிர்வதற்கும் நமக்குக் குறைவில்லை. எழுதி வைத்ததில் ஒரு வரியைத் திருத்துவதற்குத்தான் எவருக்கும் அதிகாரம் இல்லை போலும். பொறுத்தருள்க, கேட்க வந்தது அதுவன்று. அடுத்த அணி மாணவர்கள் சேர்வதற்குள் திருத்தும் உரிமையைத் திறந்துவிடுமாறும், அதுவரை அந்தப் பிப் பதிலையாவது நீக்கிவைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழும உறுப்பினர் ஒருவர்