மாரியோவை விட்டுவிடாதே

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு மாறிவிட்டீர்கள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இருந்தாலே பாதி நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டிவியில் அடியில் ஓடும் எழுத்தையெல்லாம் இப்போது சத்தம் போட்டுப் படிக்கிறார். உன்னை விசாரித்தார். பொங்கலுக்கு வருகிறாயா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்கச் சொல்கிறார், கேட்டுவிட்டேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு என்று வாங்கிய நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி ராத்திரி பத்து மணிக்கு மேல் உன் கைக்கு வந்துவிடுகிறது, பல வீடியோ கேம் ஆட்கள் மேடையில் மோதும் ஸ்மாஷ் அல்டிமேட் பிடித்துக்கொண்டது, ஆனால் ஆன்லைனில் அடி தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஃபாக்ஸ் எடுத்தாய், வேகம் பிடிபடவில்லை. கிளவுட் எடுத்தாய், கத்தி நீளமாக இருந்தும் தோற்றாய். சேமஸோடு தூரத்தில் நின்று சுட்டுப் பார்த்தாய். இப்போது மாரியோ, அவனும் "சப்பையா இருக்கான், எதுலயும் ஸ்பெஷல் இல்ல" என்கிறாய். யாரை மெயினாக, அதாவது எப்போதும் ஆடும் ஆளாக, வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். மாரியோவை விடாதே. இதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

முதலில் இந்த ஆட்டம் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஹால் லேபரட்டரி என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தில் வேலை பார்த்த மசாஹிரோ சகுராய் ஒருமுறை ஆர்கேடில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 ஆடியிருக்கிறார். எதிரில் உட்கார்ந்தவர் ஆட்டத்துக்குப் புதியவர் என்பது தெரியாமல் அவரைப் புரட்டி எடுத்துவிட்டார். புதிதாக வருபவன் ஒரு அடிகூட அடிக்க முடியாமல் எழுந்து போகிற ஆட்டம் எதற்கு என்ற யோசனை அங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அதே நிறுவனத்தின் சதோரு இவாதா வார இறுதிகளில் உட்கார்ந்து புரோகிராம் எழுத, இரண்டு பேருமாக ஒரு முன்மாதிரி ஆட்டத்தை உருவாக்கினார்கள். 1999 ஜனவரியில் ஜப்பானில் நின்டெண்டோ 64 கருவிக்கு அது ஸ்மாஷ் ஆட்டமாக வெளிவந்தது. ஆடக்கூடிய ஆட்கள் மொத்தம் 12 பேர். இன்றைக்கு நீ ஆடும் அல்டிமேட்டில் பிறகு தனியாக விற்ற ஆட்களையும் சேர்த்து 89 பேர். அத்தனை பேருக்கும் முதல் எண் மாரியோவுக்குத்தான்.

இதில் உயிர்க்கோடு கிடையாது என்பதைக் கவனித்திருப்பாய். அடி வாங்க வாங்க சதவீதம் ஏறும். ஏற ஏற, அடுத்த அடியில் இன்னும் தூரம் பறப்பாய். திரையின் எல்லைக்கு வெளியே போனால்தான் ஒரு ஸ்டாக், அதாவது ஒரு உயிர், போகும். 150 சதவீதத்தில் இருப்பவனும் திரும்பி வந்து ஜெயிக்கலாம், 40-ல் இருப்பவனும் மேடைக்கு வெளியே மாட்டிக்கொண்டு சாகலாம். அதனால் இந்த ஆட்டத்தில் ஒரே காரியத்தை நன்றாகச் செய்கிறவனால் ரொம்ப தூரம் போக முடியாது. அருகில் அடிக்க வேண்டும், தூரத்திலிருந்து வரும் குண்டைச் சமாளிக்க வேண்டும், மேலே தூக்கியவனைத் துரத்த வேண்டும், வெளியே விழுந்தவன் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நீ விழுந்தால் திரும்பி வர வேண்டும். இத்தனைக்கும் மாரியோவிடம் ஏதோ ஒரு பதில் இருக்கிறது. எதற்கும் மிகச் சிறந்த பதில் இல்லை, அவ்வளவுதான். உனக்குச் சப்பையாகத் தெரிவது இதுதான் என்று நினைக்கிறேன்.

அவன் எடையைப் பார். 98. பௌசர் 135, பிச்சு 62. சுலபத்தில் பறக்கவும் மாட்டான், பாறை மாதிரி நிற்கவும் மாட்டான். ஆனால் கை வேகம்! ஆட்டம் விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்களாக ஓடுகிறது. அவன் ஜாப், நின்றபடி விடும் குத்து, 2-வது ஃப்ரேமிலேயே படுகிறது, குதித்தபடி விடும் நியூட்ரல் ஏர் 3-வதில், மேல்நோக்கிய அப் ஏர் 4-வதில். கிளவுடின் கத்தி அவனைவிட எவ்வளவோ நீளம். ஆனால் அந்தக் கத்தியைத் தாண்டி உள்ளே போய்விட்டாய் என்றால் அடுத்த அரை விநாடி உன்னுடையது. மாரியோவின் முழு ஆட்டமும் இந்த "உள்ளே போவது" என்ற ஒன்றைச் சுற்றித்தான். அதை எப்படிச் செய்வது என்றுதான் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஓடிப்போய் அடிக்காதே. ஆன்லைனில் உன்னை அடிப்பவர்கள் எல்லாரும் அதற்காகவே காத்திருக்கிறார்கள். குட்டையாகக் குதித்து ஒரு ஃபயர்பால் விடு. அது சாய்வாக இறங்கித் தரையில் துள்ளித் துள்ளிப் போகும். வேகமும் கம்மி, சேதமும் கம்மி. ஆனால் எதிரில் இருப்பவன் ஏதாவது செய்தாக வேண்டும். ஷீல்டு என்ற தடுப்பைப் பிடிப்பானா, குதிப்பானா, கத்தியால் அடித்துக் கலைப்பானா? நீ ஃபயர்பாலின் பின்னாலேயே நடந்து போய்க்கொண்டு அதைப் பார். ஷீல்டு போட்டால் அவனைப் பிடித்துத் தூக்கு. குதித்தால் இறங்கும் இடத்தில் அப் டில்ட், தரையில் நின்றபடி மேல்நோக்கி அடிப்பது. கத்தி வீசினால், வீசி முடித்த நொடியில் உள்ளே போ. ஒரே ஃபயர்பால், மூன்று வேலை. இந்தப் பார்வை வந்துவிட்டால் போதும், ஆட்டம் மெதுவாகிவிட்ட மாதிரி தோன்றும். எனக்கு அப்படித்தான் ஆனது.

குட்டையாகக் குதிப்பதற்குக் குதிக்கும் பட்டன்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தலாம், அல்லது பட்டனைத் தொட்டவுடன் விட்டுவிடலாம். குட்டைக் குதியில் அடிக்கும் காற்று அடிகளுக்குச் சேதம் 0.85 மடங்குதான். கொஞ்சம் குறைகிறதே என்று பார்க்காதே, தரையோடு ஒட்டி ஆடுவதில் கிடைக்கும் பாதுகாப்பு அதைவிடப் பெரிது.

பிடித்தாயிற்று என்று வை. கீழே அறைகிற டவுன் த்ரோதான் நமக்குச் சோறு போடுவது. சதவீதம் குறைவாக இருக்கும்போது டவுன் த்ரோ முடிந்ததும் அப் டில்ட், மறுபடி அப் டில்ட். சதவீதம் ஏறிவிட்டால் அவன் உயரமாகப் போவான், அப்போது குதித்து அப் ஏர், மறுபடி அப் ஏர். மிதக்கும் பலகைமேல் பிடித்துவிட்டால் அப் ஏரிலேயே ஏணி மாதிரி ஏறி, உச்சியில் சூப்பர் ஜம்ப் பஞ்ச் என்ற எகிறும் குத்தை அடித்து மேலே வெளியேற்றலாம். வீடியோக்களில் இதைப் பார்த்து மயங்கித்தான் நிறையப் பேர் மாரியோவை எடுக்கிறார்கள். டிரெயினிங் மோடில் இது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் நிஜ மனிதன் சும்மா இருக்க மாட்டான். அடிபடும்போது ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்துப் பறக்கும் கோணத்தை மாற்றுவான். டி.ஐ. என்று சொல்வது அதைத்தான். இடப்பக்கம் சாய்கிறானா வலப்பக்கமா என்று கண்ணால் பார்த்து, அந்தப் பக்கம் போய்த்தான் அடுத்த அடி. அதனால் காம்போவை, அந்தத் தொடர் அடிகளை, வரிசையாக மனப்பாடம் செய்யாதே. டவுன் த்ரோ முடிந்ததும் கையை ஒரு கணம் நிறுத்தி, அவன் எங்கே போகிறான் என்று பார்க்கப் பழகு. வரிசையைப் பிறகு உன் கையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஷீல்டிலிருந்து அடிப்பதையும் சொல்லியாக வேண்டும். சாதாரணமாக ஷீல்டைக் கீழே இறக்கவே 11 ஃப்ரேம் ஆகும். சூப்பர் ஜம்ப் பஞ்சை ஷீல்டை இறக்காமலே அடிக்கலாம், 3-வது ஃப்ரேமில் படும், அதாவது விநாடியில் இருபதில் ஒரு பங்கு. பக்கத்தில் வந்து உன் ஷீல்டில் அசட்டையாக அடித்தவன் தப்பவே முடியாது. ஆனால் அது படாமல் போனால் உயரப் போய் ஒன்றும் செய்ய முடியாமல் இறங்குவாய், கீழே அவன் நிதானமாகக் காத்திருப்பான். நிச்சயம் தெரிந்தால் மட்டும் அடி.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எதிரி மேடைக்கு வெளியே விழுந்துவிட்டான், திரும்பி வரப் பார்க்கிறான். அப்போது உன் கையில் என்னென்ன இருக்கிறது பார். கேப் இருக்கிறது. அந்த மஞ்சள் துணி பட்டால் எதிரி அப்படியே திரும்பிவிடுவான். ஐக் என்ற வாள்வீரன் பக்கவாட்டில் பாய்ந்து வரும்போது சரியாக வீசினால், மேடையை நோக்கி வந்தவன் எதிர்த்திசையில் பாய்ந்து போவான். லிட்டில் மேக் போன்று திரும்பி வர வழியே குறைவாக உள்ளவனுக்கு அத்தோடு கதை முடிந்தது. சேமஸின் பெரிய குண்டையும் அதே துணியால் அவளுக்கே திருப்பிவிடலாம். பிறகு ஃப்ளட் என்ற தண்ணீர்ப் பீரங்கி. துளிச் சேதம் கிடையாது. முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டு, அவன் விளிம்பைப் பிடிக்கக் கை நீட்டும் நேரத்தில் திறந்துவிட்டால் ஒரு ஆள் தூரம் தள்ளிப் போய்விடுவான், அந்த ஒரு ஆள் தூரம்தான் உயிர். அப்புறம் ஃபார்வர்டு ஏர், கையை ஓங்கி இறக்குகிற குத்து. 16 ஃப்ரேம், அவன் கையிலேயே மெதுவானது. சரியான இடத்தில் பட்டால் நேராகப் பாதாளம். இவற்றோடு ஃபயர்பாலும், காற்றில் பின்பக்கம் அடிக்கும் பேக் ஏரும் வேறு.

ஒன்றுதான் அபாரமாக இருந்தால் எதிரியும் அந்த ஒன்றுக்குத் தயாராகிவிடுவான். இங்கே அவனுக்கு எதற்குத் தயாராவது என்றே தெரியாது. ஹாஸ்டலில் நீ கேரம் ஆடினாயே, விழுகிற காயை விட்டுவிட்டு எதிராளியின் காயை மறைக்கும் இடத்தில் உன் காயை நிறுத்துவாய். எங்களுக்கெல்லாம் எரிச்சலாக வரும். அந்தப் புத்தி உள்ளவனுக்கு என்றே செய்து வைத்த ஆள் மாரியோ.

புதியவர்களுக்குத்தான் மாரியோ என்று யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதற்கு முந்தைய பாகத்தில், 2016-ல் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ போட்டியை ஜெயித்தது மாரியோதான். அல்டிமேட்டிலும் டார்க் விஸ்ஸி போன்றவர்கள் அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் மாரியோவோடு ஏறி உலகத்தின் தலைசிறந்தவர்களோடு மோதியிருக்கிறார்கள். அவர்கள் ஆட்டத்தைத் தேடிப் பார். காம்போவைப் பார்க்காதே, காம்போ தொடங்குவதற்கு முந்தைய ஐந்து விநாடியைப் பார். எவ்வளவு நேரம் நடக்கிறார்கள், எப்போது நிற்கிறார்கள், எந்த இடத்தில் எதிரி பொறுமை இழக்கிறான்.

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. கை குட்டை. லூசினா என்ற வாள்வீராங்கனை மாதிரி, கத்தியின் எந்த இடம் பட்டாலும் ஒரே பலத்தில் அடிக்கிற ஆளோடு ஆடும்போது ஒவ்வொரு அடி நிலத்தையும் போராடித்தான் வாங்க வேண்டும். வெளியே விழுந்தால் திரும்பி வருவதும் சுமார்தான், வழி எது என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். கடைசி ஸ்டாக்கில் எதிரி 140-ல் நிற்கிறான், உன் அப் ஸ்மாஷ் என்ற பலத்த அடி படவே மாட்டேன் என்கிறது, அப்போது கை பதறும். அந்த நேரத்தில் விளிம்புக்கு அருகே பிடித்துப் பின்னால் எறியும் பேக் த்ரோ என்று ஒன்று இருப்பதை மறந்துவிடாதே.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு முக்கியமாகப் படுவது. கிளவுடோடு தோற்றபோது அவன் சிறப்பு பலமான லிமிட் நிரம்பவில்லை என்று நினைத்தாய், ஃபாக்ஸோடு தோற்றபோது எடை குறைவு என்றாய். மாரியோவோடு தோற்றால் எந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம் என்பது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் செய்வதற்கு ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ரீப்ளேயைச் சேமித்துவைத்து மறுநாள் பார். தோற்ற ஆட்டத்தில் ஒரே ஒரு ஸ்டாக் போதும். அது போன இடத்திலிருந்து பின்னால் போய், எங்கே சிக்கினாய் என்று தேடு. நம் வயதில் விரல் வேகத்தை வளர்ப்பது கஷ்டம், இந்த வேலை நமக்கு நன்றாக வரும். பிறகு நீ வேறு யாரை எடுத்தாலும் இந்தக் கண் கூடவே வரும். அப்போது லூசினாவுக்கோ ஃபாக்ஸுக்கோ தாராளமாகப் போ, நான் தடுக்க மாட்டேன்.

மகளும் உன்னோடு ஆடுகிறாள் என்று எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது. கெர்பியை எடுக்கிறாளா? அவளிடம் தோற்றுக் கொடுக்காதே, உண்மையாக ஆடு, கண்டுபிடித்துவிடுவாள்.

சனிக்கிழமை உனக்கு ராத்திரி பத்து, எனக்கு ஏழரை. ஆன்லைன் அறையை நான் திறந்து வைக்கிறேன், கடவுச்சொல்லை அன்று அனுப்புகிறேன். மூன்று ஸ்டாக், ஏழு நிமிடம், ஐட்டம் கிடையாது, ஸ்மால் பேட்டில்ஃபீல்டு மேடையில் தொடங்கலாம். அதற்குள், இணையக் கம்பியைச் சொருக ஒரு லேன் அடாப்டர் வாங்கிவிடு. ஆட்டம் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நேரடியாகத்தான் இணைகிறது, வைஃபையில் தடுக்கினால் இரண்டு பேருக்கும் தடுக்கும். நான் லூசினாவோடு வருகிறேன், நீளக் கையை எப்படித் தாண்டுகிறாய் என்று பார்க்க வேண்டும். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள

பி.கு. பொங்கலுக்கு வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. வரும்போது கன்ட்ரோலரையும் எடுத்துக்கொண்டு வா. இங்கே நின்டெண்டோ நேரடியாக விற்பதில்லை, வெளியிலிருந்து வருவதற்கு விலை அதிகம்.