பிரெஞ்சு நடிகை ஒத்ரே ஃப்ளுரோவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஒத்ரே ஃப்ளுரோ அவர்களுக்கு,

வணக்கம். உங்களை எனக்கு அறிமுகப்படுத்தியவர் தமன்னா. 2016-ல் வந்த 'தோழா'வில் நாகார்ஜுனா சக்கர நாற்காலியில், கார்த்தி பணிவிடைக்கு, தமன்னா செக்ரட்டரி. மூலம் பிரெஞ்சுப் படம் என்று கேள்விப்பட்டு, 2011-ன் 'இன்டச்சபிள்ஸ்' படத்தைத் தேடிப் பிடித்தால், தமன்னா இடத்தில் செம்பட்டை முடியோடு நீங்கள். கார்த்தி இடத்தில் இருக்கும் டிரிஸ் விடாமல் உங்கள் பின்னால் சுற்றுகிறான். நீங்கள் சிரித்தே ஒதுக்கிவிட்டு, கடைசியில் உங்கள் காதலியோடு வந்து நிற்கிறீர்கள்! நம் ஊருக்கு வரும்போது அந்தச் சமாச்சாரம் கழன்றுவிட்டது.

அப்புறம்தான் 'ஸ்பைரல்' என்ற பிரெஞ்சுப் போலீஸ் தொடருக்குப் போனேன். 2005 முதல் 2020 வரை, எட்டு சீசன். வக்கீல் ஜோசபீன் கார்ல்சன் காசு வந்தால் யாருக்காகவும் வாதாடுவாள், சட்டத்தைக் கொஞ்சம் வளைக்கவும் அஞ்சமாட்டாள். இப்படி ஒரு பாத்திரம் கிடைத்தால், நடுவில் எங்காவது கண் கலங்கி நம் அனுதாபத்தை வாங்கிவிடப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்கவே இல்லை. பிடித்தால் பார், இல்லாவிட்டால் போ என்கிற நிமிர்வு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரெஞ்சுச் சிற்றூரின் கதையான 'அன் வில்லாஜ் ஃபிரான்சே' தொடரில், மேயரின் மனைவியாக இருந்துகொண்டு நாஜி அதிகாரியிடம் மனதைப் பறிகொடுத்த ஓர்தான்ஸிடமும் அதே நிமிர்வுதான்.

2021-ல் 'ஆஷ் பே ஈ' (HPI) தொடர் வந்தபோது உங்களுக்கு 43 வயது. அதில் நீங்கள் மார்கான்; லீல் நகரக் காவல் அலுவலகத்தில் ராத்திரி துப்புரவு வேலை. காதில் பாட்டு, இடுப்பில் ஆட்டம். கைபட்டு ஒரு கொலை வழக்கின் ஃபைல் சரிகிறது. சிதறிய படங்களைப் பொறுக்கும்போதே மார்கானின் கண் ஓடுகிறது. போர்டில் கொலையானவரின் மனைவியைச் சந்தேக நபர் என்று எழுதியிருக்கிறார்கள். அதை அடித்துவிட்டு, அவளும் பாதிக்கப்பட்டவள் என்று எழுதிவிட்டு மறுபடி துடைக்கப் போய்விடுகிறாள். ஐக்யூ 160, மூன்று பிள்ளைகள், கையில் காசில்லை. பிரான்சில் ஒரு கோடிப் பேர் அளவுக்கு உட்கார்ந்து பார்த்தார்கள். 2024-ல் அமெரிக்காக்காரர்களும் தங்கள் பங்குக்கு எடுத்துவிட்டார்கள்.

சரி, ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். போகப்போக மார்கானின் பளபள உடைகளும் வாய்த்துடுக்கும் கதையை மறைக்கின்றன. ஜோசபீன் ஒரு புருவத்தைத் தூக்கி முடித்துவிடும் காரியத்துக்கு, இவளுக்கு ஒரு பக்க வசனம் வேண்டியிருக்கிறது.

தீயணைப்பு வீரரான உங்கள் அப்பா காமெடி பிரான்சேஸ் அரங்கில் காவல் பணியில் இருந்ததால், சிறுமியாகவே நாடகங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தீர்களாமே. நிறுத்தி நிதானமாக நடிக்கும் வித்தை அங்கேயே ஒட்டிக்கொண்டதா? கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

ஜோசபீனை மறுபடி முதல் சீசனிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்