எந்த 3060 என்று சொல்லவே இல்லையே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 என்ற, கம்ப்யூட்டரில் படம், வீடியோ வேலையைப் பார்க்கும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட்டுத் தங்கள் தொழில்நுட்ப இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். "இனிமேலும் 3060 வாங்குபவர்கள் விவரம் தெரியாதவர்கள்" என்று அதில் ஒரு வரி. அந்த விவரம் தெரியாதவர்களில் ஒருவன்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறேன். 4060 பக்கத்திலேயே இருந்தும், கடைக்காரர் அதைத்தான் எடுக்கச் சொல்லியும், கோயம்புத்தூரில் 3060 கேட்டு வாங்கி வந்தவன்.

கட்டுரையாளர் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. 4060, 2023 ஜூனில் வந்தது, 3060-ஐவிட இரண்டு வருடத்துக்கு மேல் புதியது. 3060-க்கு 170 வாட் வேண்டும், இது 115 வாட்டில் ஓடுகிறது. உச்சத்தில் ஓடும் பூஸ்ட் வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46 ஆகியிருக்கிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரியான எல்2 கேஷ் 3 எம்பியாக இருந்தது, இதில் 24 எம்பி. வீடியோவைச் சிறிதாகச் சுருக்கும் ஏவி1 என்கோடிங் உண்டு. இல்லாத ஃபிரேமைத் தானே உண்டாக்கி நடுவில் செருகும் வித்தையும் உண்டு. ஃபுல் எச்டி மானிட்டரில் கேம் ஆடுகிற பையனுக்கு நல்ல கார்டு. வாங்கிக் கொடுக்கலாம், மறுக்கவில்லை.

கேம் ஆடாதவனுக்கு? அவனுக்குத் தங்கள் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. வேகம், வாட், விலை, எந்தக் கேமில் எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), அவ்வளவுதான். 3060-ல் மெமரி 12 ஜிபி, 4060-ல் 8 ஜிபி. மெமரிக்குப் போய்வரும் பாதையான பஸ் அதில் 192 பிட், இதில் 128. நொடிக்கு 360 ஜிபி போய்வந்த இடத்தில் 272 ஜிபி. கணக்குப் போடும் கூடா கோர்களின் எண்ணிக்கைகூட 3584-லிருந்து 3072 ஆகக் குறைந்திருக்கிறது. புதியதில் குறைந்துபோன கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கூடிய கணக்கை மட்டும் போட்டால் அதற்கு ஒப்பீடு என்றா பெயர்? விளம்பரப் பக்கத்தில் இப்படிப் போட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

மெமரி குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மண்டப வெளிச்சத்தில் எடுத்த 4கே ஃபுட்டேஜில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருக்கும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் அதற்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, மேலே கலர் கரெக்‌ஷன் நாலு அடுக்கு ஏற்றினால் கார்டின் மெமரி மளமளவென்று நிரம்பும். பொள்ளாச்சியில் என் நண்பர் 4060 வைத்திருக்கிறார். ஒரே கல்யாணம், ஒரே ப்ராஜெக்ட். அவர் மெஷினில் தாலி கட்டும் இடத்திலேயே ஜிபியு (அதாவது கார்டு) மெமரி நிரம்பிவிட்டது என்று நின்றுபோனது. என்னுடையதில் மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் முடிந்தது. பெண்ணின் அப்பாவுக்கு நான் எஃப்பிஎஸ் காட்ட முடியாது ஐயா, வீடியோவைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் 4060 8 லேன் (பாதை) மட்டுமே பயன்படுத்தும், 3060-க்கு 16. புது மதர்போர்டில் இது பெரிதாகத் தெரியாது. எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களில் இருப்பதெல்லாம் அந்த இணைப்பின் பழைய தலைமுறையான ஜென் 3 போர்டு, அதில் 8 லேன் என்றால் நொடிக்கு 8 ஜிபிகூட வராது. கார்டின் மெமரி நிரம்பி, சிஸ்டம் ரேமுக்கு ஓடவேண்டிய நேரத்தில் அந்தக் குறுகலான வழியாகத்தான் எல்லாம் போய்வர வேண்டும். கட்டுரையாளர் எந்த மெஷினில் சோதித்தார் என்பதையாவது எழுதியிருக்கலாம். அவர் வீட்டில் எல்லாம் புதிதாகவே இருக்கும் போலிருக்கிறது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். எந்த 3060? தாங்கள் அறியாததல்ல, 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. பஸ் 128 பிட், வேகம் நொடிக்கு 240 ஜிபி. பெட்டியில் அதே 3060. தங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவன் தலையில் அதைக் கட்டிவிட்டால் யார் பொறுப்பு?

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை "வீட்டு உபயோகத்துக்கு ஜிடி 1030 போதும்" என்று இன்னொரு என்விடியா கார்டைப் பற்றி எழுதினீர்கள். 2017-ல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியோடு, நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் அதே பெயரில் மெதுவான டிடிஆர்4 மெமரி போட்டு விற்றார்கள், அது 17 ஜிபிகூட இல்லை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கும் என் மச்சான் தங்களை நம்பிப் போய் அந்த இரண்டாவதை வாங்கி வந்தார். அப்போதும் எழுதினேன். கடிதம் வரவில்லை. அந்த வாரம் மைசூர்பாகுக்குப் பிறந்த ஊர் எது என்று மூன்று கடிதங்கள் வந்திருந்தன. 2014-ல் ஜிடிஎக்ஸ் 970-ஐ 4 ஜிபி என்று விற்று, கடைசி அரை ஜிபி ஆமை வேகம் என்று தெரியவந்து, அமெரிக்காவில் வழக்காகி ஆளுக்கு 30 டாலர் தருவதாக ஒத்துக்கொண்டார்களே, அதற்கும் தங்கள் பக்கத்தில் இடம் இருக்கவில்லை.

அப்புறம், இந்தக் கட்டுரையை நான் படித்ததே பொள்ளாச்சியில் அக்கா வீட்டில். எங்கள் ஊருக்கு வரும் தங்கள் பேப்பரில் வியாழக்கிழமை இணைப்பு இருப்பதில்லை. அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம். பேப்பர் எல்லையில் வேலந்தாவளம் தாண்டியதும் இணைப்பு மட்டும் எங்கே இறங்கிக்கொள்கிறதோ தெரியவில்லை. ஏஜென்டைக் கேட்டால் "கேரளா காப்பிக்கு அது கிடையாது" என்கிறார். வெயில் நிலவரத்தில் கோவையும் பொள்ளாச்சியும் இருக்கும், நாங்கள் இருக்க மாட்டோம். கேரளச் செய்தி என்றால் திருவனந்தபுரம், கொச்சி. பாலக்காடு பெயர் வரவேண்டுமானால் யானை ஊருக்குள் வரவேண்டும். இங்கே சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, தங்கள் பேப்பரைப் பதினோரு மணிக்குக் காத்திருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறோம் என்பதும் தாங்கள் அறிந்ததுதானே.

என் வேண்டுகோள் பெரியதல்ல. இனி கிராபிக்ஸ் கார்டு அட்டவணை போட்டால் மெமரி எத்தனை ஜிபி, பஸ் எத்தனை பிட் என்று இரண்டு வரி கூடுதலாகச் சேருங்கள். ஒரே பெயரில் இரண்டு கார்டு இருந்தால் எது என்று எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் கட்டுரையாளரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாகப் போடலாம். வியாழக்கிழமை இணைப்பை எங்கள் ஏஜென்டுக்கும் அனுப்பச் சொன்னால் நல்லது; இந்தக் கடிதத்தை அதில் வெளியிட்டால் இங்கே யாரும் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
விவரம் தெரியாத வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.