பட்டத்தை ஏற்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வெளிவந்தால் போதும், கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரை மதில்களிலும் மின்கம்பங்களிலும் புது நோட்டிஸ்கள் ஏறிவிடுகின்றன. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் பட்டம், ஆறு மாதத்தில் இளமாணி, காசைத் தவணையில் கட்டலாம். இதே விளம்பரங்கள் உங்கள் ஞாயிறு இதழிலும் வருகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் முன்பள்ளியில் படிப்பிக்கும் ஒரு பிள்ளை நகையை அடகு வைத்து இப்படியொரு பட்டம் எடுத்தாள். அரச நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சையில் சான்றிதழைப் பார்த்த அதிகாரி, இது செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சேர்த்துவிட்டவரிடம் போய்க் கேட்டால், எங்கள் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது என்று பத்திரத்தைக் காட்டுகிறார். அது பொய்யும் இல்லை. கம்பனிப் பதிவு எவருக்கும் கிடைக்கும். வியாபாரம் நடத்த அது போதும், பட்டம் கொடுக்க அது போதாது.

இலங்கையில் பட்டம் வழங்கும் அதிகாரம் பெரும்பாலும் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி வருகிறது. தனியார் நிறுவனம் என்றால், அந்தச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டிருக்க வேண்டும். அதிலும் எந்தப் பட்டம் என்பது முக்கியம். ஒரு பாடநெறிக்கு அனுமதி இருக்கிறது என்பதற்காக அங்கே நடக்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பொதுநலவாயப் பல்கலைக்கழகச் சங்கத்தின் ஆண்டுநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கைநூலிலோ அதன் பெயர் இருக்கிறதா என்றுதான் நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. பெயர் இருந்தாலும் இன்னொரு வேலை மிச்சம் உண்டு. இங்கே கிளை நடத்துகிறவருக்கு உண்மையிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்க வேண்டும்.

'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்ற வரியைக் கண்டு நம்பிவிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் தர அங்கீகாரத்தை அரசாங்கம் நேரடியாகக் கொடுப்பதில்லை. அதற்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றன. அந்த அமைப்புகளை அந்நாட்டின் கல்வித் திணைக்களமோ உயர்கல்வித் தர அங்கீகாரப் பேரவையோ ஏற்றிருக்க வேண்டும். மோசடிக்காரர்கள் இந்த இடத்தில்தான் நுழைகிறார்கள். பல்கலைக்கழகத்தையும் தாங்களே தொடங்கி, அதற்கு அங்கீகாரம் கொடுக்கும் சபையையும் தாங்களே தொடங்குகிறார்கள். கராச்சியிலிருந்து இயங்கிய ஒரு மென்பொருள் நிறுவனம் இப்படி நூற்றுக்கணக்கான இணையத்தளங்களை நடத்தியதை 2015இல் நியூயோர்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. செயின்ட் ரீஜிஸ் என்ற பெயரில் நடந்தது இன்னும் மோசம். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரிலிருந்து பட்டம் விற்ற கூட்டம், லைபீரிய அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுத்து அந்த நாட்டின் அங்கீகாரத்தையே வாங்கி வைத்திருந்தது. அதை நடத்திய தம்பதிக்கு 2008இல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு நாட்டு அரசின் முத்திரையையே காசுக்கு வாங்க முடிந்திருக்கிறது என்றால், நோட்டிஸில் அச்சடித்த முத்திரையை நம்பி நகையை அடகு வைக்கலாமா?

எவரிடமும் கேட்காமலே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. எந்தத் தகைமைக்கு எவ்வளவு படிப்பு வேண்டும் என்று வகுத்திருக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு பொதுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்) வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணிநேர உழைப்பு. ஆக மொத்தம் 4,500 மணிநேரம். இதை ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்த்தால் ஒரு நாளைக்கு 25 மணிநேரம் படிக்க வேண்டும். நாளுக்கு 24 மணிநேரம்தானே இருக்கிறது.

'உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்கே பட்டம்' என்கிறார்களே, அதற்கும் இந்தக் கணக்கைக் காட்டலாம். அனுபவத்தை மதிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மத்திய கிழக்கில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்த மேசன்மாரும் வெல்டிங் தெரிந்தவர்களும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். ஆனால் அங்கே மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். பட்டம் விற்கிறவர் வங்கிச் சிட்டையை மட்டும்தான் பார்க்கிறார்.

அங்கீகாரம் இல்லாததெல்லாம் களவு என்று சொல்வதும் நியாயமில்லை. தென் கரோலினாவிலுள்ள பொப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகள் தர அங்கீகாரம் வேண்டாம் என்றே இருந்தது. ஆனால் அங்கே வகுப்பும் பரீட்சையும் ஒழுங்காக நடந்தன. நம் மாவட்டங்களிலும் வேதாகமத்தையோ மார்க்கக் கல்வியையோ அதன் பொருட்டே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆணைக்குழுவின் கடிதம் எதற்கு? அரச வேலை, பதவி உயர்வு, வெளிநாட்டு மேற்படிப்பு என்று போகிறவருக்குத்தான் அது உயிர்நாடி. அவர் காசைக் கட்டுவதற்கு முன்னரே, தன் பட்டத்தை ஏற்கப்போகும் இடத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். விற்கிறவரிடம் கேட்டு என்ன பலன்?

தொலைக்கல்வி என்றாலே மட்டம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் நினைத்துவிடக் கூடாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1920இல் பெற்ற விஞ்ஞானப் பட்டம் இலண்டன் பல்கலைக்கழகத்தினுடையது. அதற்காக அவர் கப்பலேறவில்லை. இங்கே ஆசிரியராக இருந்துகொண்டே படித்து, பரீட்சை எழுதித் தேறினார். இன்று மட்டக்களப்பிலேயே திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் வெளிவாரிப் பட்டம் நடத்துகிறது. வருடம் கூடப் போகும், பரீட்சை கஷ்டம், சில வேளை தாமதமும் ஆகும். ஆனால் வேலை முடிந்து வந்து இரவிரவாகப் படித்துப் பெற்ற அந்தப் பட்டத்தை எந்த நேர்முகப் பரீட்சையிலும் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டப்படிப்பு விளம்பரம் கொண்டு வருகிறவரிடம், வர்த்தமானி இலக்கத்தையோ, அந்தப் பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு ஆணைக்குழு கொடுத்த கடிதத்தையோ கேளுங்கள். அந்த இலக்கத்தை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். இல்லையென்றால் விளம்பரத்தை ஏற்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய கௌரவ கலாநிதிப் பட்டங்களுக்கு வரும் வாழ்த்து விளம்பரங்களுக்கும் இதே விதியை வையுங்கள். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, அதைக் காட்டியே அடுத்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மாவட்டச் செயலகங்களுக்கும் வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. ஒரு பட்டத்தைச் சரிபார்க்க அக்கரைப்பற்றிலோ கிரானிலோ இருக்கும் ஒரு பிள்ளை கொழும்பு வார்ட் பிளேசிலுள்ள ஆணைக்குழுவுக்கு பஸ் ஏற வேண்டிய நிலை இருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள், தமிழில் பதில் சொல்லக்கூடிய ஓர் அலுவலர் இந்த அலுவலகங்களில் ஒரு மேசையில் இருந்தால் போதும். அடுத்த பெறுபேறு வருவதற்கு முன்னர் இதைச் செய்யும்படி மட்டக்களப்பு, அம்பாறை அரசாங்க அதிபர்கள் இருவரையும் உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.