ஷார்ட் பெட் பிக்கப்புக்கு விற்ற ஆட்டோமேட்டிக் ஸ்லைடர் ஹிட்ச் பொருந்தாதது குறித்த புகார்

அனுப்புநர்:
ஆர்டர் ரசீதில் உள்ள பெயர், முகவரி, டெக்சஸ்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்.

பொருள்: ஃபிஃப்த் வீல் ஹிட்ச் (பிக்கப்பின் பெட்டில் வைத்து டிரெய்லரை மாட்டும் இணைப்பு) – தவறான கேப்சர் பிளேட் (டிரெய்லரை ஹிட்ச் தலையோடு பூட்டும் தகடு) அனுப்பியது, இணையதளத்தில் எடை விவரம் பிழையாக இருப்பது – பணத்தைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது ஆர்டர். 2. தங்கள் தொழில்நுட்ப உதவிப் பிரிவு அனுப்பிய பதில் மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் தளத்தில் உள்ள "உங்கள் வண்டிக்கு ஏற்ற ஹிட்ச்" என்ற தேர்வுப் பக்கம் நான்கு கேள்விகள் கேட்கிறது: வண்டியின் வருடம், மாடல், பெட்டின் (பின்பக்கச் சரக்குத் தளத்தின்) நீளம், டிரெய்லரின் மொத்த எடை. நான்கிற்கும் சரியான விடை கொடுத்ததும், "முழு 90 டிகிரி திருப்பம் உறுதி" என்ற வாசகத்தோடு இந்த ஆட்டோமேட்டிக் ஸ்லைடரை, அதாவது திருப்பத்தில் டிரெய்லர் கேபினில் இடிக்காதபடி தானாகப் பின்னால் நகரும் ஹிட்சை, பரிந்துரைத்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். வந்திருக்கும் பொருளை என் டிரெய்லரோடு சேர்த்துப் பாதுகாப்பாக ஓட்ட முடியாது. காரணங்களை அளவுகளோடு கீழே எழுதியிருக்கிறேன். தங்கள் பொறியாளர் ஒருவர் டேப்பை எடுத்துச் சரிபார்க்கலாம்.

முதலில் வண்டி. முக்கால் டன் பிக்கப், பெட் 6 அடி 9 இன்ச். பின்சக்கர ஆக்சிலின் மையத்திலிருந்து கேபினின் பின்சுவர் வரை 40 இன்ச். தங்கள் கையேட்டின்படி ஹிட்சின் மையம் ஆக்சிலுக்கு 2 இன்ச் முன்னால் அமைகிறது. அப்படியானால் கிங்பின்னுக்கும் (டிரெய்லரின் முன்பக்க அடியிலிருந்து இறங்கி ஹிட்சில் மாட்டும் இரும்பு முளை) கேபினுக்கும் இடையே இருப்பது 38 இன்ச். ஹிட்சை ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி வைத்து இந்த இடைவெளியைக் கூட்டிக்கொள்ள முடியாது. கிங்பின்னின் பாரம் ஆக்சிலுக்குப் பின்னால் விழுந்தால் முன்சக்கரங்களின் மேல் உள்ள பாரம் குறையும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் பிடி தளரும்.

இப்போது டிரெய்லர். அகலம் 96 இன்ச், பாதி 48. கிங்பின்னிலிருந்து டிரெய்லரின் முன்முகம் 12 இன்ச் முன்னால் நீண்டிருக்கிறது. ஆகவே கிங்பின்னிலிருந்து முன்மூலை வரை நேர்க்கோட்டில் சுமார் 49½ இன்ச். வண்டி திரும்பும்போது கேபினை நோக்கி முதலில் வருவது இந்த மூலைதான். 90 டிகிரியில் பக்கச்சுவர் கேபினுக்கு இணையாக நிற்கும்போது தேவைப்படுவது 48 இன்ச். ஆனால் 76 டிகிரியில் மூலை நேராகக் கேபினைப் பார்க்கிறது, அங்கே 49½ வேண்டும். தங்கள் விளம்பரம் 90 டிகிரியை மட்டும் பேசுகிறது. உண்மையான நெருக்கடி அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

ஸ்லைடர் நகரவே இல்லை என்று வைத்துக்கொண்டால், 38 இன்ச் இடைவெளியில் மூலை கேபினைத் தொடுவது சுமார் 36 டிகிரியில். முகாம் மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்து ஓர் இடத்துக்குள் நுழைக்கும் எவரும் 36 டிகிரியைத் தாண்டாமல் நுழைக்க முடியாது. 45 டிகிரியில் ஹிட்ச் குறைந்தது 4½ இன்ச் பின்னால் போயிருக்க வேண்டும், 60 டிகிரியில் 9½, 76 டிகிரியில் 11½, 90 டிகிரியில் 10. இவை தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவுகள். கைவிட்டுப் பார்க்கிற அளவுக்கு இடம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் 3, 4 இன்ச் கூட்டிக்கொள்ள வேண்டும். மூலையைக் கூர்மையானதாக வைத்துப் போட்ட கணக்கு இது; முன்முகம் வளைந்திருந்தால் சற்றுக் குறையும். இருந்தாலும் கேபினின் பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வண்டிக்குக் கூர்மூலைக் கணக்குத்தான் போட வேண்டும்.

தங்கள் ஸ்லைடரின் மொத்த நகர்வு 14 இன்ச் என்று கையேடு சொல்கிறது. அது 90 டிகிரியில் கிடைப்பது. 45, 60, 76 டிகிரிகளில் எத்தனை இன்ச் நகரும் என்ற அட்டவணை கையேட்டிலும் இல்லை, தளத்திலும் இல்லை. வாங்குகிறவருக்கு மிகவும் தேவையான எண்கள் அவைதான்.

இதெல்லாம் ஸ்லைடர் நகர்ந்தால். எனக்கு வந்த பொருளில் அது நகரவில்லை என்பதுதான் முதன்மைப் புகார்.

ஆட்டோமேட்டிக் ஸ்லைடர் எப்படி வேலை செய்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். ஆனால் தேர்வுப் பக்கத்தை எழுதியவர் அதை மனதில் வைத்து எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். சாதாரண ஹிட்சில் கிங்பின் கவ்வும் தாடைக்குள் சுழலும், ஹிட்சின் தலை அசையாது. ஆட்டோமேட்டிக் ஸ்லைடரில் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். கிங்பின் பாக்ஸின், அதாவது டிரெய்லரில் கிங்பின்னைத் தாங்கும் இரும்புக் கூட்டின், அடித்தகட்டில் கேப்சர் பிளேட் இறுக்கமாகப் பூட்டப்பட்டு, அதன் விளிம்புகள் ஹிட்ச் தலையின் பள்ளத்தில் அமர வேண்டும். அப்போது டிரெய்லரும் தலையும் ஒன்றாகத் திரும்பும். தலை திரும்பும் அந்த அசைவுதான் அடியில் உள்ள கேம் (சுழற்சியை நகர்வாக மாற்றும் பாகம்) வழியாகத் தலையைத் தண்டவாளத்தில் பின்னால் தள்ளுகிறது. கேப்சர் பிளேட் சரியாக அமராவிட்டால் கிங்பின் தாடைக்குள் சும்மா சுழலும், தலை திரும்பாது, ஸ்லைடர் இருந்த இடத்திலேயே நிற்கும். ஓட்டுநரோ ஹிட்ச் நகரும் என்ற நம்பிக்கையில் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டிருப்பார். நகராத சாதாரண ஹிட்சைவிட இது ஆபத்தானது.

கிங்பின் பாக்ஸ் ஒவ்வொன்றின் அடித்தகடும் ஒரே அளவில் இருப்பதில்லை. அகலம் வேறு, விளிம்பு மடிப்பு வேறு, கிங்பின் அதில் அமைந்திருக்கும் இடம் வேறு. அதனால்தான் கேப்சர் பிளேட்டும் பாக்ஸின் மாடலுக்கு ஏற்ப மாறுகிறது. மாடல் எண் பாக்ஸின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள லேபிளிலேயே இருக்கிறது. தேர்வுப் பக்கம் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காமலே ஏதோ ஒரு பிளேட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

அனுப்பிய பிளேட் என் பாக்ஸைவிட அகலமான அடித்தகட்டுக்கானது. பக்கத் திருகுகள் இரண்டும் விளிம்பை எட்டவில்லை. முழுவதும் முறுக்கிய பிறகும் முன்னும் பின்னும் ⅜ இன்ச் ஆட்டம் இருக்கிறது. காலியான சமதள மைதானத்தில், வெளியே ஒருவர் நின்று கவனிக்க, நடை வேகத்தில் திருப்பிப் பார்த்தபோது டிரெய்லர் திரும்பியது, தலை திரும்பவில்லை. 30 டிகிரிக்கு முன்பே நிறுத்திவிட்டதால் சேதம் எதுவும் இல்லை. கிங்பின்னைக் கழற்றித் தலையைப் பார்த்தால் கிரீஸின் மேல் பிறை வடிவத்தில் துடைத்தெடுத்த தடம் இருக்கிறது, நடுவில் இரும்பு பளபளக்கிறது. பிளேட் கவ்வியிருந்தால் அந்தத் தடம் விழ வழியே இல்லை. படம் மின்னஞ்சலில் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். தங்கள் பொறியாளர் அந்த ஒரு படத்தைப் பார்த்தாலே போதும்.

இதற்குத் தங்கள் உதவிப் பிரிவு மூன்று யோசனைகள் சொன்னது. மூன்றையும் ஏற்க முடியாது.

பாக்ஸின் அடித்தகட்டில் புதிதாகத் துளை போட்டு பிளேட்டைப் பொருத்திக்கொள்ளச் சொன்னார்கள். டிரெய்லரின் முழு இழுவிசையும் அந்தத் தகடு வழியாகத்தான் ஃபிரேமுக்குப் போகிறது. துளையிட்டாலோ வெல்டிங் வைத்தாலோ பாக்ஸ் தயாரிப்பாளரின் உத்தரவாதம் அன்றோடு முடிந்தது. எழுத்து அனுமதி இல்லாமல் இதைச் சொல்ல ஒரு ஹிட்ச் நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

ஆட்டத்தைக் குறைக்க, பிளேட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் லூப் டிஸ்க் (உராய்வைக் குறைக்கும் வழுக்கு வட்டு) ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். இதைப் படித்ததும் பதறிப்போனேன். அந்த டிஸ்க் 3/16 இன்ச் கனம். பிளேட்டின் கனத்துக்கு மேல் அதுவும் சேர்ந்தால் கிங்பின் அவ்வளவு மேலே தூக்கப்படும். தாடை கவ்வ வேண்டியது கிங்பின்னின் 2 இன்ச் விட்டமுள்ள கழுத்தை. கிங்பின் மேலே போனால் தாடை கீழுள்ள தடித்த விளிம்பில் போய் உட்காரும், கைப்பிடி முழுதாகப் பூட்டாது. பூட்டியதுபோலத் தோன்றும், மேடு பள்ளத்தில் கழன்றுகொள்ளும். தங்கள் கையேட்டின் எச்சரிக்கைப் பகுதியே இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உதவிப் பிரிவில் இருப்பவர்கள் கையேட்டைப் படித்திருக்க வேண்டும். இந்த யோசனை வேறு யாருக்காவது போயிருந்தால் இன்றே தொடர்புகொண்டு திரும்பப் பெறுங்கள்.

மூன்றாவது, கூர்மையான திருப்பங்களைத் தவிர்த்து ஓட்டுவது. 36 டிகிரிக் கணக்கை மேலே சொல்லிவிட்டேன். அப்படி ஓட்ட நினைப்பவர் இந்த விலையுள்ள ஸ்லைடரை வாங்க மாட்டார்.

சுழலும் கிங்பின் பாக்ஸுக்கு மாறலாமே என்றும் போனில் ஒரு பேச்சு வந்தது. அது திருப்பு மையத்தைச் சுமார் 22 இன்ச் பின்னுக்குக் கொண்டுபோகும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஹிட்ச் அசையாமல் நிலையாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் ஸ்லைடரோடு அதைச் சேர்க்க முடியாது. முதலிலேயே சொல்லியிருந்தால் விலை குறைந்த நிலையான ஹிட்சோடு அந்த வழியை யோசித்திருப்பேன். கையால் நகர்த்தும் ஸ்லைடரும்கூட நியாயமான தேர்வுதான்: டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, கைப்பிடியை இழுத்து, வண்டியை மெல்ல முன்னால் எடுத்தால் ஹிட்ச் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும், சாலைக்கு வருமுன் முன்நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். தங்கள் தேர்வுப் பக்கம் இவற்றை ஒப்பிட்டுக் காட்டுவதே இல்லை. விலை அதிகமான ஒன்றைத்தான் நீட்டுகிறது.

இரண்டாவது புகார் எடை பற்றியது. தளத்தில் ஹிட்சின் எடை 98 பவுண்டு. வந்த பெட்டிகளைத் தராசில் வைத்தால் 240 பவுண்டு. 98 என்பது தலையின் எடை மட்டும். அடிச்சட்டமும் தண்டவாளமும் அதில் சேரவில்லை. இது சின்ன விஷயமில்லை. டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் என் வண்டியின் பேலோடு (ஏற்றக்கூடிய மொத்தச் சுமை) 2,900 பவுண்டு. டிரெய்லர் முழுச் சுமையோடு 11,000 பவுண்டு. கிங்பின் பாரம் அதில் 20 சதவீதம் என்றால் 2,200. ஆட்களும் சாமானும் 450. மிச்சம் 250. தங்கள் தளத்தை நம்பினால் 152 பவுண்டு கையில் இருக்கிறது, உண்மையில் இருப்பது 10. தண்ணீர்த் தொட்டியை நிரப்பியோ முன்பக்க அறையில் பொருளை ஏற்றியோ கிங்பின் பாரம் 22 சதவீதமாக ஏறினால் அங்கேயே வரம்பு தாண்டிவிடும்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். வண்டியின் தொழிற்சாலைத் துளைகளில் அமரும் நான்கு கால்களும் அளவு பிசகாமல் அமர்ந்தன. வெல்டிங்கும் பெயின்ட்டும் தரமாக இருக்கின்றன. டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் பெட்டின் பக்கச்சுவருக்கும் 6 இன்ச் இடைவெளி கிடைக்கிறது, அது போதும். வண்டியோடு பொருந்துவதில் குறை இல்லை. டிரெய்லரைப் பற்றி அதன் எடையைத் தவிர வேறு எதுவுமே கேட்காமல் விற்றதில்தான் பொருத்தக் குறை முழுவதும்.

பொருத்திவிட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், எடுத்தாலும் 20 சதவீதம், அதாவது 636 டாலர் பிடிப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேப்சர் பிளேட் பொருந்துமா என்பது ஹிட்சைப் பொருத்தி, டிரெய்லரை மாட்டித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பொருத்தியதையே காரணம் காட்டி மறுப்பது நியாயமில்லை. எந்தக் காரியத்துக்காக வாங்குகிறேன் என்பது தெரிந்து, தன் பரிந்துரையை நம்பி வாங்குகிறவருக்கு விற்பவர், அந்தக் காரியத்துக்குப் பொருள் ஏற்றதாக இருக்கும் என்ற பொறுப்பை ஏற்கிறார் என்று யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு (அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பு) 2-315ஆம் பிரிவு சொல்கிறது. தங்கள் தேர்வுப் பக்கம் செய்தது அந்தப் பரிந்துரையைத்தான்.

ஆகவே ஹிட்சின் விலை 3,180 டாலர், பொருத்துக்கூலி 320 டாலர், ஆக 3,500 டாலரைப் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். 240 பவுண்டு சரக்கைத் தங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். என் கிங்பின் பாக்ஸ் மாடலுக்கென்றே சரியான பிளேட் இருந்தால், அது பொருந்தும் என்ற எழுத்து உறுதியும் 45, 60, 76 டிகிரிகளுக்கான நகர்வு அட்டவணையும் தாருங்கள். அந்த எண்கள் மேலே சொன்ன தேவையைத் தாண்டினால் ஹிட்சை வைத்துக்கொள்கிறேன். பிளேட் இலவசமாக வர வேண்டும், பணம் திரும்பத் தர வேண்டியதில்லை.

தேர்வுப் பக்கத்தில் கிங்பின் பாக்ஸ் மாடல், டிரெய்லரின் முன்பக்க அகலம், கிங்பின்னிலிருந்து முன்முகம் வரையுள்ள நீளம், ஆக்சிலிலிருந்து கேபின் வரையுள்ள தூரம் ஆகிய நான்கையும் கேட்காமல் ஆட்டோமேட்டிக் ஸ்லைடரைப் பரிந்துரைக்காதீர்கள். எடையை அடிச்சட்டத்தோடு சேர்த்துப் போடுங்கள். இதே பக்கத்தின் வழியாக வாங்கிய மற்றவர்களுக்கு, பிளேட்டைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். கிரீஸில் பிறைத்தடம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அவர்களுக்கு எழுத மறுத்தால், தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவு செய்வேன்.

டெக்சஸ் டிசெப்டிவ் டிரேட் பிராக்டிசஸ் (ஏமாற்று வணிக முறைகளுக்கு எதிரான) சட்டப்படி வழக்குத் தொடுக்க 60 நாள் முன்னதாக, குறையையும் தொகையையும் குறிப்பிட்டு எழுத்து அறிவிப்பு தர வேண்டும். இந்தக் கடிதத்தை அந்த அறிவிப்பாகக் கொள்ளவும். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்பவும். ஹிட்சைக் கழற்றி, பெட்டிகளில் கட்டி, கேப்சர் பிளேட்டைத் துடைக்காமல் கிரீஸோடு அப்படியே தனியாக வைத்திருக்கிறேன். தங்கள் ஆள் வந்து பார்க்கலாம், முந்தைய நாள் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்
(ஆர்டர் ரசீதில் உள்ள கையொப்பப்படி)